டவுன் எங்கே முடிகிறது

மும்பையின் தேவ்நாரில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் "டவுனுக்குப் போறேன்" என்று சொன்னால், கோவண்டியில் ஹார்பர் லைன் ரயிலேறி சி.எஸ்.எம்.டி. பக்கம் போகிறார் என்று பொருள். கோட்டை, சர்ச்கேட், கொலாபா, கிராஃபோர்டு மார்க்கெட் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அதே மனிதர் கோயில் கொடைக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போயிருக்கும்போது அதையே சொன்னால், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளுக்குக் கிளம்புகிறார். இரண்டு டவுனுக்கும் நடுவில் ஒரு பகலையும் ஓர் இரவையும் தாண்டிய ரயில் பயணம் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் சொல்பவரின் நிலை ஒன்றுதான்: அவர் டவுனுக்கு வெளியே இருக்கிறார். உள்ளே இருப்பவருக்கு டவுனுக்குப் போகிற வேலை இல்லை.

ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று இது. ஒற்றை அசைதான். இதற்கு ஏன் இத்தனை பொருள், அந்தப் பொருள்கள் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தன, தமிழரின் 'ஊர்' என்ற சொல்லோடு அவை எங்கே உரசுகின்றன என்று பார்ப்பதற்குத் தேவ்நாரை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. டவுன் என்ற சொல் முதலில் எதைக் குறித்ததோ, அதன் மறுபக்கத்தில்தான் தேவ்நார் நூறாண்டுகளாக இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அது 'டூன்'. வீடோ தெருவோ சந்தையோ அதன் முதல் பொருள்களில் இல்லை. வேலி அடைத்த இடம் என்பதே பொருள். உறவு மொழிகளில் இன்றும் அந்தத் தடம் அழியவில்லை. ஜெர்மன் மொழியின் 'ட்ஸவுன்' வேலியைக் குறிக்கும். டச்சு மொழியில் அதே சொல் தோட்டமாகிவிட்டது. அயர்லாந்தின் 'டூன்' கோட்டை. பிரான்சின் லியோன் நகருக்குப் பழம்பெயரான லுக்டூனும் என்பதன் வாலில் ஒட்டியிருப்பதும் அந்தக் கோட்டைதான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் பகுதியை ஆண்ட ஈத்தல்பர்ட் அரசனின் சட்டத்தொகுப்புதான் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம். அதில் ஒருவனுடைய 'டூன்' என்றால் அவன் வீட்டைச் சுற்றிய அடைப்பு. அதற்குள் அத்துமீறி முதலில் புகுந்தவனுக்கு 6 ஷில்லிங் தண்டம், அடுத்துப் புகுந்தவனுக்கு 3 ஷில்லிங். சொல்லின் பழைய வாழ்வு முழுவதும் இந்த ஒரு விதியில் இருக்கிறது: யார் உள்ளே, யார் வெளியே.

அதன்பின் வேலி விரிந்தது. ஒரு குடும்பத்தின் அடைப்பு ஒரு பண்ணையானது, பண்ணை பல குடும்பங்களின் குடியிருப்பானது. கிங்ஸ்டன், பிரஸ்டன், நார்ட்டன் என்று 'டன்' என முடியும் இங்கிலாந்துப் பெயர்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பண்ணைக் குடியிருப்புகள்தான். பிரெஞ்சு பேசிய நார்மானியர் வந்தபின் கிராமத்தைக் குறிக்க அவர்களுடைய சொல் புழக்கத்துக்கு வந்தது. பழைய சொல் மெல்ல மேலேறி, சந்தை கூடும் பெரிய இடத்துக்கு உரியதாயிற்று. ஸ்காட்லாந்தில் மட்டும் அது நெடுங்காலம் பண்ணை வீடுகளின் கூட்டமாகவே இருந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் காடும் வயலும் சேர்ந்த ஒரு நிலப்பரப்பு முழுவதும் டவுன். அங்கே வாக்குரிமை உள்ள எல்லோரும் கூடி வரவுசெலவை முடிவு செய்யும் கூட்டம் பல இடங்களில் இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தின் பெருநிலக்காரர்களுக்கு எந்த அடைமொழியும் இல்லாத டவுன் என்றால் லண்டன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் துயரமான திருப்பம். 'டவுன்ஷிப்' என்று அதே வேரிலிருந்து எடுத்த சொல், நகரத்தில் வேலை செய்யலாம், வாழக்கூடாது என்று விலக்கப்பட்ட கறுப்பின மக்களை அடைத்து வைத்த இடங்களுக்குப் பெயரானது. ஜோகனஸ்பர்கின் சொவேட்டோ, தென்மேற்கு டவுன்ஷிப்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1963இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. வேலிக்கு உள்ளே இருப்பதைச் சொல்லத் தோன்றிய சொல், வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் முகவரியாக முடிந்தது.

நம் பக்கத்தில் இந்தச் சொல் வந்து இறங்கியதும் மதிலோடுதான். புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி ஐரோப்பியர் குடியிருந்தது வெள்ளை டவுன். அதன் வடக்கே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியிருந்தது கறுப்பு டவுன். பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைப் பிடித்து 1749இல் திருப்பிக் கொடுத்த பிறகு, கோட்டைக்குக் குண்டு மறைவின்றிப் பாய வேண்டும் என்பதற்காகப் பழைய கறுப்பு டவுன் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த நிலத்தில். முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பு டவுன் ஆயின. 1769இல் ஹைதர் அலியின் படை பரங்கிமலை வரை வந்து நின்ற காலத்தில் அந்தப் புதிய டவுனுக்கும் மதில் எழுப்பும் வேலை நடந்தது. அதற்காக மக்களிடம் வரி வாங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி எண்ணியது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் சாலை அந்த மதில் வரியின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் 1911இல் கறுப்பு டவுன், ஜார்ஜ் டவுன் ஆனது. நிறத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு டவுனை விட்டுவைத்தார்கள்.

அங்கிருந்து தமிழ்நாடெங்கும் பரவிய டவுன், மதிலை மறந்துவிட்டது. டவுன் பஸ் என்றால் ஊருக்குள்ளும் அருகிலுள்ள கிராமங்களுக்கும் ஓடும் பேருந்து. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். 'டவுன்காரன்' என்பது கிராமத்தார் வாயில் பாதி மதிப்பும் பாதி அவநம்பிக்கையும் கலந்த சொல். கோயம்புத்தூரில் டவுன்ஹால் ஒரு கட்டடத்தைத் தாண்டி ஒரு வட்டாரத்தின் பெயர். திருநெல்வேலிக்காரருக்கு ஜங்ஷன் வேறு, டவுன் வேறு, தாமிரபரணிக்கு அக்கரையில் பாளையங்கோட்டை வேறு. தென்காசிப் பாதையில் திருநெல்வேலி டவுன் என்றே தனி ரயில் நிலையம் இருக்கிறது. அரசாங்கத் தமிழ் இந்தச் சொல்லைப் பேரூர் என்று எடுத்துக்கொண்டு பேரூராட்சி என்றது. பழைய இலக்கியச் சொல்லான பேரூர் இதனால் மறுபடி நடமாடத் தொடங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கோ டவுன் ஒரு கணக்கு: 5,000 பேர், வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். இந்த மூன்றும் பொருந்தினால், பெயர்ப்பலகையில் கிராமம் என்று எழுதியிருந்தாலும் கணக்கெடுப்பில் அது டவுன்.

பம்பாய்க்கு வருவோம். இங்கும் கோட்டையைச் சுற்றி மதில் இருந்தது. அப்போலோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என மூன்று வாயில்கள். ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் 1860களில் அந்த மதிலை இடித்தார். மதில் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தினமும் லட்சக்கணக்கானோர் சர்ச்கேட்டில் இறங்குகிறார்கள், இல்லாத மதிலின் வாயிலில். அந்த மதிலுக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் இருந்த பகுதியைத்தான் இன்றும் புறநகர்வாசிகள் டவுன் என்கிறார்கள். ஆட்சி எல்லைப்படி பார்த்தால் 1950க்கு முன் பம்பாய் மாநகராட்சி மாஹிம், சயானோடு முடிந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் சால்செட், ட்ராம்பே, உப்பளங்கள், சதுப்பு, மீனவக் கிராமங்கள். தேவ்நார் அந்தப் பழைய கிராமங்களில் ஒன்று.

நகரம் தன் வேலிக்குள் வைத்துக்கொள்ள விரும்பாதவை எல்லாம் அந்த எல்லைக்கோட்டை நோக்கியும் அதற்கு அப்பாலும் நகர்ந்த கதைதான் தமிழர் பம்பாயின் கதையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில், நாற்றம் தாங்காத நகரத்தின் விளிம்பான தாராவிச் சதுப்பில் வந்து நிலைத்தது. அந்த வேலை தெரிந்த திருநெல்வேலி முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அதைத் தேடி வந்தார்கள். தாராவியின் படா மஸ்ஜித் 1887இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. பாந்த்ராவில் இருந்த கசாப்புக் கூடம் தோல் பட்டறைகளுக்கு மூலப்பொருள் தந்தது. பின்னர் வேறொரு தமிழ்க் கூட்டம், அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கியது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்தே போய்விடலாம். ஒரே மொழி பேசிய இரண்டு குடியிருப்புகளில் ஒன்று டவுனின் அலுவலகங்களுக்குத் தேவைப்பட்டது, மற்றொன்று டவுனின் செருப்புக்கும் பைக்கும் தேவைப்பட்டது. அவை ஒன்றுக்கொன்று அந்நியமாகவே நெடுங்காலம் இருந்தன.

குப்பைக்கு வருகிறேன், ஏனெனில் தேவ்நாரின் பெயர் இந்தியா முழுவதும் தெரிந்திருப்பது அதனால்தான். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போட்ட ரயில் பாதை முதலில் மனிதர்களுக்கானதே அல்ல. நகரத்தின் குப்பையைச் சதுப்பில் கொண்டுவந்து கொட்டுவதற்குப் போட்டது. பயணிகள் அதில் ஏறியது 1924இல். 1927இல் தேவ்நார் குப்பைமேடு தொடங்கியது. இன்று தேவ்நார்க்காரரை டவுனுக்கு ஏற்றிச் செல்லும் ஹார்பர் லைனின் இந்தத் துண்டு, டவுனின் கழிவை இந்தப் பக்கம் அனுப்பவே பிறந்தது. 1971இல் பாந்த்ராவின் கசாப்புக் கூடமும் தேவ்நாருக்கு மாறியது. தாராவியில் பதனிடும் பட்டறைகள் அதன்பின் மெல்ல மெல்லக் குறைந்தன. மாஹூலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1950களில் வந்துவிட்டன. ட்ராம்பேயில் அணுசக்தி நிலையம் 1954இல். பிச்சைக்காரர் இல்லம் செம்பூரில், கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம் மான்குர்டில். 1936இல் பைகுல்லாவில் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954இல் தேவ்நாருக்கு வந்ததும் இதே பத்தாண்டில்தான். வறுமையைப் படிக்க வேண்டியவர்கள் வறுமையின் வாசலில் இருப்பது நல்லதுதான். அந்த நிறுவனம் தேவ்நார் அடங்கிய எம் கிழக்கு வார்டைப் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்ததும் உண்டு. மாநகராட்சியின் 2009ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் மும்பையின் எல்லா வார்டுகளிலும் கடைசியில் நின்றது அந்த வார்டுதான்.

அந்தக் குப்பைமேட்டுக்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டம்பிங்'. டம்பிங்குக்குப் பக்கத்தில் சிவாஜி நகர், பைங்கன்வாடி, லோட்டஸ் காலனி. சற்றுத் தள்ளி மண்டாலா, சீத்தா கேம்ப். சீத்தா கேம்பின் தோற்றத்தை ஒவ்வொரு மும்பைத் தமிழரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கென மாநகராட்சி ஒதுக்கிய ஜனதா காலனி, மான்குர்ட் பக்கம் அணுசக்தி நிலையத்தை ஒட்டி வளர்ந்தது. அங்கே தமிழர் ஏராளம். அந்த இடம் தங்களுக்கு வேண்டும் என்று அணுசக்தித் துறை கேட்டது. எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து தச்சு வேலை தேடி வந்த தமிழர். நீதிமன்றம் போனார்கள், டெல்லிக்குப் போய் பிரதமர் இந்திரா காந்தியைப் பார்த்தார்கள். 1976 மே மாதம், நெருக்கடி நிலையின் நடுவில், ஏறக்குறைய 70,000 பேர் குடியிருந்த அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப் சதுப்பில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். மண் கொட்டி, மேடாக்கி, அவர்களே கட்டிக்கொண்ட இடம் அது. அற்புதம் உருவாக்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னர் பல நாடுகளின் குடிசைவாசிகளோடு கைகோத்தது. 2018இல் அவர் இறந்தார். டவுன் ஒருவரை எத்தனை முறை வெளியே தள்ள முடியும் என்பதற்கு ஜனதா காலனியே அளவுகோல்: டவுனிலிருந்து தள்ளி ஒரு முறை, தள்ளிய இடத்திலிருந்து தள்ளி இன்னொரு முறை.

இப்போது 'ஊர்'. இது இரண்டே எழுத்து, இதுவும் மிகப் பழையது. கன்னடத்திலும் தெலுங்கிலும் துளுவிலும் 'ஊரு' என்று உயிரோடு இருக்கிறது. கேரளத்தில் நிலை வேறு. அங்கே பொதுவாழ்வில் 'நாடு' அதன் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பழங்குடிகளின் குடியிருப்பு மட்டும் இன்றும் ஊர். அட்டப்பாடியில் ஊருக்கு மூப்பன் உண்டு, ஊர்க்கூட்டம் சட்டம் ஏற்ற அமைப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஊருக்குக் குடியிருப்பு, குடியிருப்போர், இடம் என்று பொருள் தந்துவிட்டு, சூரியனையும் சந்திரனையும் சூழும் ஒளிவட்டத்தையும் சேர்க்கிறது. ஊர்வன, ஊர்தி, ஊர்வலம் என்று நகர்தலைக் குறிப்பது வேறு சொல். நகர்ந்து வந்து தங்கியதால் ஊர் என்று விளக்கம் சொல்ல ஆசை வரும். அகராதிகள் அந்த ஆசைக்கு இடம் தரவில்லை, இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன.

ஊர் என்ற சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, அது நிலத்தைவிட மனிதரையே அதிகம் குறிக்கிறது என்பது. "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்கிறோம். ஊர் கூடுகிறது, தேர் இழுக்கிறது, ஊர் இரண்டுபடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இது இன்னும் அழுத்தமாக இருக்கிறது. பிராமணர் ஊர்களின் அவை சபை, வணிகர் ஊர்களின் அவை நகரம், வேளாண் குடிகளின் அவைக்குப் பெயர் வெறும் ஊர். முடிவு எழுதும்போது அவர்கள் 'ஊரோம்' என்று கையொப்பமிட்டார்கள். ஒரு பெயர்ச்சொல் தன்மைப் பன்மை விகுதி ஏற்று 'ஊராகிய நாங்கள்' என்று பேசுகிறது. டவுனின் முன்னோடியான சொல் வேலியிலிருந்து தொடங்கியது, ஊர் என்ற சொல் ஆட்களிடமிருந்து தொடங்கியது என்று இதை வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளத் தோன்றும்.

அதே சோழர் கல்வெட்டு அந்தப் பெருமையைத் தடுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர்களை விட்டுக்கொடுத்தபோது, வரி விதிக்காத நிலங்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறது. ஆக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்நத்தம் ஒரு பக்கம், சேரி மறுபக்கம். உத்தரமேரூரின் பிராமணச் சபைக்கு உட்பட்ட பன்னிரண்டு பிரிவுகளுக்கும் சேரி என்றுதான் பெயர், அப்போது அதில் இழிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இழிவு பின்னால் வந்து ஒட்டியது. 'ஊரும் சேரியும்' என்று இணைத்துச் சொல்லும்போது அந்த 'உம்' சேர்க்கவில்லை, பிரிக்கிறது. ஊர்க்கட்டுப்பாடு, ஊர்விலக்கு என்ற சொற்களில் ஊர் கையில் கம்போடு நிற்கிறது. மராட்டியத்திலும் இதே பிளவு உண்டு. கிராம மதிலுக்கு வெளியே என்பதற்கு 'காவ்குசாபாஹேர்' என்று ஒரு சொல்லே இருக்கிறது, தலித் இலக்கியம் அதைத் தன் கொடியாக்கியது. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிர சட்டமன்றம் 2016இல் சட்டம் இயற்றியது இந்தப் பின்னணியில்தான். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் போற்றிய குரல்களுக்குக் கடுமையாகப் பதில் சொன்னார். கிராமம் குறுகிய மனத்தின் குகை என்பது அவர் வாதத்தின் சாரம், தனி மனிதரை அடிப்படை அலகாக வைத்ததற்காக அரசியல் சட்ட வரைவை அவர் வாழ்த்தினார். ஊர் என்ற சொல்லுக்கு யாரும் எழுதிய மிக முக்கியமான விளக்கவுரை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த விளக்கவுரையை எழுதியவர் வாழ்ந்த ராஜகிருகம் தாதரின் இந்து காலனியில் இருக்கிறது. மும்பையில் காலனி கௌரவமான சொல். ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி. குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பும் தன்னை லோட்டஸ் காலனி என்று அழைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் அதே சொல் தலித் குடியிருப்புக்கு முத்திரையானது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை காலனி என்று முகவரி சொன்னாலே போதும், மீதியை மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்ய வேண்டியதுதான். ஆனால் சேரியின் இடத்துக்கு வந்ததுதான் காலனி. நிலமும் சுடுகாட்டுப் பாதையும் மாறாவிட்டால் அடுத்த சொல்லும் அதே சுமையைத் தூக்கும்.

இந்த இடத்தில்தான் மும்பை ஒரு காரியம் செய்தது, யாரும் திட்டமிடாமல். திருநெல்வேலிச் சேரியிலிருந்து தாராவிக்கோ செம்பூருக்கோ சீத்தா கேம்புக்கோ வந்தவர், "எங்க ஊரு பாளையங்கோட்டை பக்கம்" என்கிறார். அங்கே ஊருக்கு வெளியே இருந்தவருக்கு இங்கே ஊர் இருக்கிறது. தாதர் பிளாட்ஃபாரத்தில் திருநெல்வேலி எக்ஸ்பிரஸுக்கு மூட்டையோடு நிற்பவர்கள் எல்லாரும் ஊருக்குத்தான் போகிறார்கள். தூரம் ஊரையும் சேரியையும் ஒரு சொல்லுக்குள் கொண்டுவந்தது. ரயில் திருநெல்வேலியில் நின்றதும் அந்தச் சொல் மறுபடி இரண்டாகப் பிளந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கொடைக்கு வரி கேட்டு மும்பைக்கு ஆள் வரும்போது எந்தத் தெருவின் கோயில், யாருடைய கொடை என்ற கேள்வியும் கூடவே வரும். இருந்தாலும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் வாழாத இடத்தை 'நம்ம ஊரு' என்று சொல்லும்போது அதில் எந்த எல்லைக்கோடும் இல்லை.

அந்தச் சொல்லே ஆயுதமாகத் திரும்பிய காலமும் உண்டு. 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள், 'மதராசி'கள். உன் ஊருக்குப் போ என்பதுதான் அன்றைய கூச்சலின் சாரம். இலங்கை மலையகத் தமிழருக்கு இதைவிடக் கொடியது நடந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு உரியவர்கள் என்று பிரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பார்த்தே இராத இடத்துக்கு ஊர் என்ற பெயரால் அனுப்பப்பட்டார்கள். நீலகிரித் தேயிலைக் காட்டில் வந்து இறங்கியபோது இங்குள்ளவர்கள் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு ஊரைக் கைகாட்ட, அவர்கள் ஊரற்றவர்களானார்கள்.

இதற்கெல்லாம் நடுவே செம்பூர்த் தமிழர் செய்த சிறிய காரியம் ஒன்று என் மனத்தைத் தொடுகிறது. செம்பூர் மராட்டியப் பெயர். சதுப்பு நண்டைக் குறிக்கும் சிம்போரி என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். தமிழ்க் காதில் அது செம்மையான ஊர் என்று விழுந்தது. சேடா நகரில் குன்றுபோல் எழுப்பிய முருகன் கோயிலுக்குத் திருச்செம்பூர் என்று பெயர் வைத்தார்கள், திருச்செந்தூரின் எதிரொலியாக. சொற்பிறப்பியல் இதை ஏற்காது. ஆனால் ஓர் இடம் எப்படி ஊராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எந்த அகராதியிலும் கிடைக்காது.

தேவ்நார் அப்படி ஆகுமா என்ற கேள்வி இப்போது அவசரமானது. தாராவி மறுமேம்பாட்டில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வேறிடத்தில், விலைக்கோ வாடகைத் தவணைக்கோ. அந்த வேறிடங்களில் ஒன்றாகத் தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தில் 120 ஏக்கருக்கு மேல் ஒதுக்க 2024இல் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. நூறாண்டுக் குப்பை மக்கி மீத்தேன் வெளிவிடும் நிலம் அது. 2016 ஜனவரியில் அது நாள்கணக்கில் எரிந்த புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அந்த மேட்டை அகற்றிச் சுத்தம் செய்துவிட்டுக் கட்டுவோம் என்கிறது அரசு.

தாராவி ஒரு காலத்தில் டவுனின் கடைசி விளிம்பு. சதுப்பைத் தூர்த்து அதை மனிதர் வாழும் இடமாக்கியவர்களில் தமிழர் முன்வரிசையில் இருந்தார்கள். டவுன் வளர்ந்து அதைத் தாண்டிப் போய், இன்று பாந்த்ரா குர்லா வளாகத்தின் பக்கத்து நிலமாக அதற்கு விலை ஏறியிருக்கிறது. விலை ஏறிய பிறகு அங்கே யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்க ஒரு தேதியும் ஒரு மாடிப்படியும் போதுமானதாகிவிட்டது. அரசுக் காகிதத்தில் அதற்குச் சொல் 'அபாத்ர', தகுதியற்றவர். தையல் இயந்திரத்தோடு மாடி அறையில் இருபது ஆண்டுகள் குடியிருந்து, கீழ்வீட்டுக்காரருக்கு வாடகையும் கொடுத்துவந்த ஒரு குடும்பத்தை இந்தச் சொல்லால் குறிப்பது அநியாயம். அதைத் தமிழர் அமைப்புகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அனுப்பத்தான் போகிறார்கள் என்றால், கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. அந்த மண்ணின் வாயுச் சோதனையையும் நிலத்தடி நீர்ச் சோதனையையும் வெளியாட்கள் செய்து, மராட்டியிலும் தமிழிலும் உருதுவிலும் மக்கள் பார்க்க ஒட்ட வேண்டும். தாராவியில் வீடும் தொழிலும் ஒரே கூரைக்குள் இருந்தன, புதிய கட்டடத்தில் தையலுக்கும் இட்லிமாவுக்கும் தோல் பைக்கும் இடம் எங்கே என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். தாராவியின் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேவ்நாரில் அதே வகுப்பு முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். ஒரே கல்லியில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் சீட்டில் சிதறடிக்காமல் ஒரே கட்டடத்தில் வைக்க வேண்டும். 1976இல் ஜனதா காலனிக்காரர்கள் இவற்றில் பலவற்றைக் கேட்டார்கள். அவர்களில் பலரும் அவர்கள் பிள்ளைகளும் கூப்பிடு தூரத்தில், சீத்தா கேம்பில் இருக்கிறார்கள். திட்ட அலுவலகம் அவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசட்டும்.